“பொய் சொல்லாதேங்கோ அம்மா”: பாராட்டை நம்ப மறுக்கும் மகள்

வலிகாமத்தில் இருந்து ஒரு தாய் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் குடும்பமும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சாதாரண தரத்தில் 9 ஏ எடுத்து, இப்போது உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறான். இளையவள் மகள். 14 வயது, தரம் 9. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு 4 புள்ளி குறைவாக எடுத்தவள். அன்று வீட்டில் யாரும் அவளை ஏசவில்லை. ஆனால் அண்ணன் சித்தியடைந்த நாளில் சைக்கிள் வாங்கிக் கொடுத்து, அயலெல்லாம் பலகாரம் கொடுத்த அதே வீடு, இவளுடைய முடிவு வந்த நாளில் படலையைச் சாத்திவிட்டுப் பேசாமல் இருந்தது. “அதுக்குப் பிறகு பிள்ளை முந்தின பிள்ளை இல்லை” என்று எழுதுகிறார் தாய்.

கணக்குக் கொப்பியில் புள்ளி குறைந்த பக்கங்களை மகள் கிழித்துவிடுகிறாள். கிழித்த தடம் தெரியாமல் இருக்க, நடுத்தையலுக்கு மற்றப் பக்கத்தில் இருக்கும் இணைத் தாளையும் சேர்த்தே உருவி எடுக்கிறாள். விரும்பி விளையாடிய வலைப்பந்தை விட்டுவிட்டாள். நாலு இடத்தில் ரியூசன். அதில் ஓரிடத்தில், குறைந்த புள்ளியில் தொடங்கி எல்லார் முன்னாலும் பெயர் வாசிக்கிறார்கள். எதைச் செய்யச் சொன்னாலும் “எனக்கு ஒண்டும் வராது” என்கிறாள். கனடாவில் இருக்கும் மாமி வீடியோ அழைப்பில் “என்னடி, இன்னும் கறுத்துப் போனாய்?” என்று கேட்டதில் இருந்து கமராவுக்கு முன்னால் வருவதே இல்லை. மாமி இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் சாப்பாடும் குறைந்துவிட்டது.

தகப்பன் கடை வைத்திருக்கிறார். கடும் உழைப்பாளி, பிள்ளைகளுக்காகவே வாழ்கிறவர். ஆனால் “மொக்கு” என்ற சொல் அவர் வாயில் தங்கிவிட்டது. வகுப்பாசிரியரிடம் போய், “அடிச்சுப் படிப்பியுங்கோ ரீச்சர், நான் ஏனெண்டு கேக்கமாட்டன்” என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இதை ஈடுகட்ட நினைத்த தாய், யூரியூப்பில் பார்த்த ஆலோசனைகளின்படி ஒரு வருடமாக மகளை விடாமல் பாராட்டி வருகிறார். “நீதான் கெட்டிக்காரி”, “உன்னை மாதிரி வடிவான பிள்ளை ஆர் இருக்கினம்?” போன வாரம் மகள் திரும்பிச் சொன்னாள்: “பொய் சொல்லாதேங்கோ அம்மா. பாவம் பாத்துத்தான் இப்பிடிச் சொல்லுறியள் எண்டு எனக்குத் தெரியும்.”

பாராட்டியது பிழையா? பாடசாலையை மாற்றி, கொழும்பில் விடுதியில் விடலாமா? தன்னம்பிக்கைக்கு மூன்று நாள் பயிற்சி நடத்துகிறார்களே, அனுப்பலாமா? கைத்தொலைபேசியைப் பறித்தால் சரியாகுமா? உளவளத்துணைக்குக் கூட்டிப் போனால் நாளைக்குப் பிள்ளைக்குப் பேர் கெடாதா? இவை அவருடைய கேள்விகள். ஏழாம் பக்கத்தின் கீழே, போகிற போக்கில் ஒரு வரி: “ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் ‘நான் இல்லாட்டி உங்கள் எல்லாருக்கும் நிம்மதியா இருந்திருக்கும்’ எண்டவள். சின்னப்பிள்ளைக் கதை எண்டு விட்டிட்டன்.”

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த வரியில் இருந்துதான் நான் தொடங்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. இதற்கு இன்றைக்கே பதில் வேண்டும்.

அந்த ஒரு வசனம்

14 வயதுப் பிள்ளை “நான் இல்லாட்டி” என்று சொன்னால் அதைச் சின்னப்பிள்ளைக் கதையாக எடுக்கக்கூடாது. சும்மா கோபத்தில் சொல்லியிருக்கலாம். அப்படியே இருக்கட்டும். ஆனால் சும்மா சொன்னாள் என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம், அவளிடமே கேளுங்கள். இன்றிரவு, அண்ணனும் அப்பாவும் இல்லாத நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்து நேராகவே கேளுங்கள்: “அண்டைக்குச் சாப்பிடேக்க நீ சொன்னது என்ர மனதில கிடக்குது. சாக வேணும் எண்டு எப்பவாவது நினைச்சனியோ?”

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாங்களே மனதில் போட்டுவிடுவோம் என்று பெற்றோர் பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. உள்ளே வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதே ஆறுதலாகும். அவள் “ஓம்” என்று சொன்னால் அழுது குழறவோ, “எங்களை விட்டிட்டுப் போக எப்பிடி மனம் வந்தது?” என்று கேட்கவோ வேண்டாம். “சொன்னது நல்லது. இனி இதை நீ தனியச் சுமக்கத் தேவையில்லை” என்பது போதும். எப்படிச் செய்வது என்று கூட யோசித்திருக்கிறாள் என்றால் அவளைத் தனிய விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. இரவு என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அவள் என்ன பதில் சொன்னாலும் சரி, வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் அம்மம்மாவின் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். 1990களின் நடுப்பகுதியில் இலங்கையில் உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம், கடும் நச்சுள்ள பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்ட பின் பெருமளவு குறைந்தது. ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தால் அந்த ஒரு கொடிய நிமிடம் கடந்து போய்விடும். மாத்திரைகளைப் பற்றி இன்னொரு காரணத்துக்காகக் கீழே திரும்பவும் பேசப்போகிறேன்.

பாராட்டு ஏன் அவளிடம் எடுபடவில்லை

நீங்கள் பாராட்டியது அன்பினால். அந்த அன்பில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பாராட்டைக் கேட்டுக் கேட்டுத் தன்மதிப்பு வளரும் என்று அந்த வீடியோக்கள் உங்களை நம்ப வைத்திருக்கின்றன. அது சரியல்ல.

இந்த நம்பிக்கை புதியதும் அல்ல. 1986 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் தன்மதிப்பை வளர்ப்பதற்கென்றே அரச குழு ஒன்றை அமைத்தது. பிள்ளைகள் தங்களைப் பற்றி உயர்வாக நினைத்தால் படிப்பும் நடத்தையும் தானாகச் சீராகும் என்று எதிர்பார்த்தார்கள். பின்னர் உளவியலாளர் ரோய் பௌமைஸ்டரும் அவருடைய சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2003 இல் எழுதிய மதிப்பாய்வில், தன்மதிப்பை ஊதிப் பெருக்குவதால் புள்ளி கூடுவதற்குச் சான்று இல்லை என்றார்கள். ஒரு வேலையை நன்றாகச் செய்து முடித்த பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய மதிப்பு பின்னால் வருவதைத்தான் பெரும்பாலும் காண்கிறோம்.

உங்கள் மகளின் நிலைக்கு மிகக் கிட்டிய ஆய்வு ஒன்று நெதர்லாந்தில் நடந்தது. எடி புரூமல்மன் குழுவினர் 2014 இல் வெளியிட்டது. 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் வான்கோவின் ரோசாப்பூ ஓவியம் ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னார்கள். வரைந்து முடிந்ததும் ஓவியர் ஒருவர் எழுதியதாகச் சொல்லி ஒரு குறிப்பைக் கொடுத்தார்கள். சிலருக்கு “அழகாக வரைந்திருக்கிறாய்”, சிலருக்கு “நம்பவே முடியாத அளவுக்கு அழகாக வரைந்திருக்கிறாய்”, இன்னும் சிலருக்குப் பாராட்டே இல்லை. பிறகு, அடுத்ததாக எதை வரைய விருப்பம், இலகுவானதையா கடினமானதையா என்று கேட்டார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைத்த பிள்ளைகள், மிகையான பாராட்டைக் கேட்ட பிறகு இலகுவானதையே நாடினார்கள். அவ்வளவு பெரிய பாராட்டைக் காப்பாற்ற முடியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் காரணமாக இருக்க வேண்டும். அதே ஆய்வாளர்கள் கவனித்த இன்னொன்று நெஞ்சில் தைப்பது: பெரியவர்கள் மிகையான பாராட்டை அதிகம் கொடுப்பது இத்தகைய பிள்ளைகளுக்குத்தான்.

நீங்கள் செய்ததும் இதுவே. உங்கள் மகள் அதைக் கண்டுபிடித்தும் விட்டாள். “பாவம் பாத்துச் சொல்லுறியள்” என்ற வசனத்தைத் திரும்பப் படியுங்கள். தன் தாய் தன்னைப் பரிதாபத்துக்குரியவளாகப் பார்க்கிறாள் என்று அவள் விளங்கிக்கொண்டிருக்கிறாள். அப்பாவின் “மொக்கு” ஒரு காதிலும் உங்கள் “கெட்டிக்காரி” மறு காதிலும் விழும்போது, 14 வயதுப் பிள்ளை முந்தியதைத்தான் நம்பும். கொப்பியில் இருக்கும் சிவப்புப் பேனை அதற்குச் சாட்சி சொல்கிறதே.

பாராட்டை நிறுத்த வேண்டாம். குறையுங்கள், உண்மையாக்குங்கள், நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். “கெட்டிக்காரி” என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. அடுத்த பரீட்சையில் பிழைத்தால் அதே தீர்ப்பு தலைகீழாகிவிடும். 1998 இல் குளோடியா முல்லர், கரோல் டுவெக் ஆகியோர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனைகளில், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் பின்னால் கடினமான புதிர்களில் தோற்றபோது கெதியாக மனம் விட்டார்கள், தாங்கள் எடுத்த புள்ளியைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையேதான் அதிகம். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தாக்குப் பிடித்தார்கள். பின்வந்த ஆய்வுகளில் இந்த வித்தியாசம் எப்போதும் இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஆனாலும் பக்கம் கிழிக்கும் உங்கள் மகளுக்கு இதில் செய்தி இருக்கிறது. அவள் மறைப்பது பிழைத்த கணக்கை மட்டுமல்ல, தான் யார் என்ற தீர்ப்பையும்தான்.

கிழித்த பக்கங்களுக்காக அவளை ஏச வேண்டாம். ஒருநாள் அவள் கிழிக்காமல் விட்ட பக்கம் ஒன்று கண்ணில் படும். அப்போது புள்ளியைப் பார்க்காமல் வழிமுறையைப் பாருங்கள். “இந்தக் கணக்கில முதல் வழி பிழைச்ச பிறகு வேற வழியில செய்து பாத்திருக்கிறாய்” என்று சொல்லுங்கள். கணக்கு உங்களுக்கு விளங்காவிட்டால், “இதில எந்த இடத்தில குழம்பினனி, எனக்குக் காட்டு” என்று கேளுங்கள். புகழ்ச்சியே இல்லாத பேச்சு இது. ஆனால் பிழையோடு இருக்கும் பக்கத்தை அம்மாவுக்குக் காட்டலாம் என்று பிள்ளை பழகிக்கொள்ளும்.

மாத்திரைப் பெட்டிகள்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியை நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தீர்கள். அம்மம்மாவின் மாத்திரைப் பெட்டிகளில் “காலை, சாப்பாட்டுக்கு முன்” என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பது மகள்தான். கிளினிக்கில் தந்த மாத்திரையும் வெளியில் வாங்கிய மாத்திரையும் பெயர்தான் வேறு, மருந்து ஒன்றுதான் என்று பெட்டியில் இருந்த சின்ன எழுத்தை வாசித்துக் கண்டுபிடித்து, அம்மம்மா பிறஷர் மருந்தை இரண்டு மடங்கு குடிக்காமல் தடுத்ததும் அவள்தான். அதற்கு நீங்கள் எழுதியிருக்கும் குறிப்பு: “இப்பிடியான வேலைகளில் ஆள் சூரிதான், படிப்புத்தான் ஏறுதில்லை.”

சகோதரி, அது படிப்புத்தான். கவனமாக வாசித்தாள், ஒப்பிட்டாள், சந்தேகப்பட்டாள், பெரியவர்களிடம் துணிந்து கேட்டாள். ஒரு மருந்தாளரின் அன்றாட வேலை இதுவே.

பிள்ளைகள் தங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று ஆராய்ந்த சூசன் ஹாட்டர் ஐந்து துறைகளைப் பிரித்துக் காட்டினார்: படிப்பு, மற்றப் பிள்ளைகளிடம் கிடைக்கும் ஏற்பு, விளையாட்டு, தோற்றம், நடத்தை. ஒன்றில் தாழ்வாக உணரும் பிள்ளை இன்னொன்றில் நிமிர்ந்து நிற்கலாம். எந்தத் துறையை அந்தப் பிள்ளையும் அதைச் சுற்றியிருப்பவர்களும் பெரிதாக நினைக்கிறார்களோ, அங்கே விழும் அடிதான் ஆளையே சாய்க்கும். எங்கள் ஊரில் முதலாவதை மட்டும் எண்ணுகிறோம். மற்ற நாலையும் “பிறகு பாப்பம்” என்கிறோம். உங்கள் மகளுக்கு வலைப்பந்தும் போய், மாமியின் கேள்வியோடு தோற்றமும் போய், படிப்பில் அண்ணனின் நிழல் விழுந்துவிட்டது. மீதம் இருப்பது அம்மம்மாவின் மாத்திரைகள்.

அதனால்தான் மேலே சொன்ன பூட்டை யோசித்துப் போட வேண்டும். மாத்திரைகளைப் பூட்டுங்கள், ஆனால் அந்தப் பொறுப்பை அவளிடம் இருந்து பறித்ததாக ஆகிவிடக்கூடாது. திறப்பு உங்களிடம் இருக்கட்டும். வேளைக்கு நீங்கள் திறக்க, அவள் பார்த்து எடுத்துக் கொடுக்கட்டும். அடுத்த கிளினிக் நாளில் அம்மம்மாவோடு அவளையும் கூட்டிப் போங்கள், வைத்தியரிடம் கேட்க வேண்டியதை அவளே கேட்கட்டும். ஒரு ரியூசன் வகுப்பு தவறினால் தவறட்டும்.

வலைப்பந்துக்குத் திரும்பிப் போகும்படி நெருக்க வேண்டாம். ஏன் விட்டாள் என்று மட்டும் கேளுங்கள். ரியூசன் நேரம் இடித்ததாலா, வெயிலில் நின்றால் இன்னும் கறுப்பேன் என்ற பயமா? எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம்.

அப்பாவுக்கும் ஒரு கதை இருக்கிறது

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு பந்தி என்னை நிறுத்தியது. போரில் வலிகாமமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 அன்று இரவு, உயர்தரப் புத்தகங்களை உரப்பையில் கட்டிக்கொண்டு, நாவற்குழிப் பாலத்தைச் சனத்தோடு சனமாகக் கடந்தவர். பரீட்சை எழுதாமலே போனது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவருக்கு, மின்விசிறிக்குக் கீழே இருந்து படிக்கும் மகள் 38 புள்ளி எடுப்பது பொறுக்கவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு 1970களில் கொண்டுவந்த தரப்படுத்தலில் தொடங்கி இடப்பெயர்வுகள் வரைக்கும் எங்கள் மண்ணில் படிப்பு என்பது உயிர் பிழைக்கும் வழியாக இருந்தது. அவருடைய கோபத்துக்குள் பயம் இருக்கிறது.

இதை அவரோடு பேசுங்கள், மகளுக்கு முன்னால் வேண்டாம். “நீங்கள் மொக்கு எண்டு சொல்லுறது பிழை” என்று தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். அந்த இரவைப் பற்றி மகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அறிவுரையாக இல்லாமல், தனக்கு நடந்த கதையாக. தான் எழுத முடியாமல் போன பரீட்சையைப் பற்றி ஒரு தகப்பன் மகளிடம் சொல்லும்போது, தோற்ற மனிதரோடும் இந்த வீட்டில் அன்பாக இருக்கிறார்கள் என்று அவள் தெரிந்துகொள்வாள்.

ஆனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. முதலாவது, “மொக்கு” என்ற சொல்லும் அண்ணனோடு ஒப்பிடுவதும் இன்றோடு நிற்க வேண்டும். வாய் தவறி வந்துவிட்டால் அன்றைக்கே மன்னிப்புக் கேட்க வேண்டும். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் தகப்பனுக்கு மரியாதை குறையும் என்று அவர் நினைக்கலாம். நான் கண்ட வீடுகளில் அது கூடியிருக்கிறது.

இரண்டாவது, ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வந்த அந்த அனுமதி. அதைக் கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடுத்து கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை விட்டது. மாணவர் ஒருவரை ஆசிரியர் அறைந்து செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறிய இழிவான நடத்துகை என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. “பெற்றோர் சொன்னார்கள்” என்பது அடிக்கும் ஆசிரியருக்குப் பாதுகாப்பாகாது. நீங்கள் நேரில் போய், “இவர் சொன்னதை மறந்துவிடுங்கோ, பிள்ளையை அடிக்க வேண்டாம்” என்று பண்பாகச் சொல்லுங்கள். அப்படியும் அடி விழுந்தால் முதலில் அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். அசையாவிட்டால் வலயக் கல்வி அலுவலகம், பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் என்று வழிகள் உண்டு.

நீங்கள் யோசிக்கும் மாற்று வழிகள்

கொழும்பு விடுதி வேண்டாம். பாடசாலையில் யாராவது அவளைத் தொடர்ந்து துன்புறுத்தினால் மாற்றத்தைப் பற்றி யோசிக்கலாம், உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இந்த நேரத்தில் வீட்டை விட்டு அனுப்பினால் “என்னைக் கழிச்சு விட்டிட்டினம்” என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். “நான் இல்லாட்டி” என்று சொன்ன பிள்ளை என்பதை மறக்க வேண்டாம்.

மூன்று நாள் தன்னம்பிக்கைப் பயிற்சியில் கைதட்டி, மேடையேறிச் சத்தமாகப் பேசி வரும் உற்சாகம் அடுத்த தவணைப் பரீட்சை வரைக்கும் நிற்காது. கூச்சமுள்ள பிள்ளைக்கு மேடையே இன்னொரு காயமாகலாம். அந்தக் காசுக்கு ஒரு கண் பரிசோதனை செய்யுங்கள், அவளுக்கு விருப்பமென்றால் வலைப்பந்துக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்குங்கள்.

கண் பரிசோதனையைச் சும்மா சொல்லவில்லை. படிப்பில் திடீரென்று பின்தங்கும் பிள்ளைகளில் சிலருக்குக் கரும்பலகை சரியாகத் தெரிவதில்லை. குருதிச்சோகையும் பார்க்க வேண்டும். மற்றப் பாடங்கள் ஓரளவு வந்து, எண்களில் மட்டும் தொடக்கத்தில் இருந்தே தடுமாற்றம் என்றால் அதற்கென்று ஒரு குறிப்பிட்ட கற்றல் இடர்பாடு இருக்கலாம். வைத்தியரிடம் சொன்னால் உரிய இடத்துக்கு அனுப்புவார்.

ரியூசன்: நாலில் இரண்டை நிறுத்துங்கள். குறைந்த புள்ளியில் இருந்து பெயர் வாசிக்கும் வகுப்பு முதலாவதாக நிற்கட்டும், அங்கே எவ்வளவு நல்ல ஆசிரியர் படிப்பித்தாலும். இரண்டாவது எது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். இந்த வயதில் 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை வேண்டும். காலை ஆறு மணி வகுப்புக்காக அவள் நாலரைக்கு எழும்புவதாக எழுதியிருக்கிறீர்கள், நித்திரை இல்லாத மூளைக்கு எல்லாமே இருட்டாகத்தான் தெரியும்.

இதோடு, தரம் 10 இல் எடுக்கும் தொகுதிப் பாடங்களை இந்த வருடம் தெரிவு செய்ய வேண்டி வரும். அண்ணன் எடுத்தவற்றையே நீங்கள் நிரப்பிக் கொடுக்க வேண்டாம். சித்திரமோ, தகவல் தொழினுட்பமோ, சுகாதாரமும் உடற்கல்வியுமோ, பட்டியலை அவள் கையில் கொடுத்து ஒரு வாரம் யோசிக்க விடுங்கள்.

கைத்தொலைபேசியைப் பறிக்க வேண்டாம். இரவு பத்து மணிக்குப் பிறகு வீட்டில் எல்லாருடைய போனும், உங்களுடையதும் அப்பாவுடையதும் சேர்த்து, ஓரிடத்தில் இருக்கட்டும். அது போதும்.

புலமைப்பரிசில் பற்றி அவளிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிற பரீட்சை அது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. அவள் எடுத்த அதே புள்ளி இன்னொரு மாவட்டத்தில் சித்தியாகியிருக்கக்கூடும். பத்து வயதில் அவளுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அன்று படலையைச் சாத்தியது ஏன் என்பதையும் சேர்த்து இப்போது சொல்லுங்கள்: வெட்கம் எங்களுடையது, உன்னால் வந்ததல்ல என்று.

உளவளத்துணைக்குப் போனால் பேர் கெடுமா?

இந்தப் பயம் எங்கள் ஊரில் எவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தெரியும். உளவளத்துணையாளர் கேட்டதை வெளியே சொல்வதில்லை. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து, அல்லது யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்கள் என்றால் மட்டுமே உரியவர்களுக்குச் சொல்ல வேண்டிவரும், அதையும் முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லிவிடுவோம். பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர் இருந்தால் அங்கே தொடங்கலாம். தெரிந்த முகம் கூச்சம் என்றால், பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் கட்டணமில்லாமல் போகலாம். “உனக்கு ஏதோ குறை, அதாலதான் கூட்டிப் போறன்” என்று சொல்லாதீர்கள். “எங்கட வீட்டில கதைக்கிற விதம் சரியில்லை, எங்களுக்கும் உதவி வேணும்” என்று சொல்லுங்கள். முதல் நாள் நீங்களும் கணவரும் சேர்ந்தே போங்கள்.

இது உங்கள் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். எட்டுப் பக்கம் எழுதும் அளவுக்கு மகளைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒருவர் நீங்கள். மாற்ற வேண்டியவை இருக்கின்றன, மாற்றலாம். குற்ற உணர்வில் நின்றுவிட்டால் அதையும் அவள்தான் ஆற்ற வேண்டியிருக்கும்.

இனி மாமி. ஹாட்டரின் ஆய்வுகளில், பிள்ளைகளின் மொத்தத் தன்மதிப்போடு மிக நெருக்கமாக ஒட்டியிருந்தது தோற்றத்தைப் பற்றிய எண்ணம்தான். எனவே நிறத்தைப் பற்றிய அந்தக் கேள்வி பகிடி அல்ல. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்பே, அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே, பேசிவிட வேண்டும். பேச வேண்டியவர் உங்கள் கணவர், ஏனென்றால் அவருடைய சகோதரி. நீங்கள் சொன்னால் மச்சாள்மார் சண்டையாகிவிடும். “அக்கா, பிள்ளையின்ர நிறம், உடம்பு, புள்ளி மூண்டையும் பற்றி இந்த முறை ஒண்டும் கேக்காதேங்கோ” என்பது போதும், விளக்கம் தேவையில்லை. அப்படியும் கேட்டுவிட்டால் அந்த இடத்திலேயே, மகளின் காது கேட்க, “எங்கட வீட்டில அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை, மச்சாள்” என்று நீங்கள் சொல்லலாம். மாமி கோபித்துக்கொள்ளக்கூடும். அந்தக் கோபத்தை நீங்கள் இருவரும் தாங்குங்கள். “மாமிக்கு ஒரு ஹலோ சொல்லு” என்று மகளை அனுப்பிச் சமாதானம் செய்ய வேண்டாம்.